வாசல்தோறும் உப்பு

சிப்பியளத்தில் ஊரார் போனில் எழுதுவதெல்லாம் உப்பாக வந்து குவிய ஆரம்பித்தது எந்த வருஷம் என்று கேட்டால், மழை பிந்திய வருஷம் என்று சிலரும் மாதா கோயில் கொடிமரம் சாய்ந்த வருஷம் என்று சிலரும் சொல்வார்கள், ஆனால் முதல் குவியல் முளைத்த இடம் லாசர் பரோட்டாக் கடை வாசல்தான் என்பதில் மட்டும் அந்த ஊரில் இரண்டாவது பேச்சுக் கிடையாது. காலையில் கடை திறக்க வந்த லாசர், வாசலில் முழங்கால் உயரத்துக்கு மிளகாய்ப்பொடி நிறத்தில் உப்பு குவிந்திருப்பதையும், அதன் பக்கத்திலேயே ஒரு சிரட்டை அளவுக்குப் பச்சை உப்பு கிடப்பதையும் பார்த்துவிட்டு, உப்பு லாரிக்காரன் எவனோ வண்டியைத் திருப்பும்போது சிந்திவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்து, அந்த எவனோவின் பரம்பரையையே வாய் நிறைய வாழ்த்தியபடி விளக்குமாற்றால் கூட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தான். மறுநாள் காலையில் அது இருந்த இடத்துக்கே திரும்பி வந்து இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள், தொட்டு நாக்கில் வைத்தார்கள், உப்புதான் என்றார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே பிழைக்கிற ஊர், தெருவில் உப்பு கிடப்பதற்கெல்லாம் அங்கே யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள்.

டெல்பின் மட்டும் நின்று பார்த்தாள். அவள் உப்பு லாரி ஓட்டுகிற சேவியரின் மனைவி, மாடியறையில் உட்கார்ந்து சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். சோப்பைப் பற்றி, சினிமாவைப் பற்றி, புதுசாக வந்த பைக்கைப் பற்றி, நாட்டிலுள்ள சனங்கள் ராத்திரி பகல் பாராமல் எழுதித் தள்ளுவதையெல்லாம் படித்து, இது பாராட்டு, இது வசவு, இது இரண்டுமில்லாத வெறும் பேச்சு என்று பிரித்து, பாராட்டுக்குப் பச்சையும் வசவுக்குச் சிவப்பும் வெறும் பேச்சுக்குச் சாம்பலும் கொடுத்து, தூண் தூணாகப் படம் போட்டு அனுப்புவது அவள் தொழில். ஊரான் வீட்டுச் சண்டையை உட்கார்ந்து படிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சேவியர் தன் கூட்டாளிகளிடம் பெருமையாகவே சொல்லிக்கொள்வான். முந்தின நாள் சாயந்தரம் ஊர்க்காரர்களின் முகநூல் பக்கத்தில் யாரோ லாசர் கடைச் சால்னா தண்ணீராக இருக்கிறது என்று எழுத, அதன் கீழே ஆளுக்கு ஆள் வந்து தன் பங்குக்கும் வாரித் தூற்ற, இரண்டு புண்ணியவான்கள் மட்டும் பரோட்டா பஞ்சு மாதிரி இருக்கும் என்று எழுதியிருந்ததை டெல்பின் படித்திருந்தாள். பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு தூண் படம் மனசுக்குள் போட்டு வைத்திருந்தாள். அந்தப் படம்தான் அதே நிறத்தில், அதே அளவில் பரோட்டாக் கடை வாசலில் நின்றது.

இது லாரியில் சிந்திய உப்பு இல்லை, உங்கள் சால்னாவைப் பற்றி ஊர் எழுதியது என்று அவள் லாசரிடம் சொன்னாள். லாசர், யார் யார் எழுதியது என்று உப்பு சொல்லுமா என்று கேட்டான், சொல்லாது என்றதும் அப்படியானால் அதனால் என்ன பிரயோஜனம் என்று மாவு பிசையப் போய்விட்டான்.

ஆனால் பிரயோஜனம் இருந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. சிப்பியளத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்பளத்திலிருந்து வாரிக் கரையேற்றிய உப்பைக் கூம்பாகக் குவித்து வைப்பதற்கு அம்பாரம் என்று பெயர், எவனுடைய அம்பாரம் உயரமோ அவனுக்கே ஊரில் உயர்ந்த நாற்காலி, பெண் கேட்டுப் போகிறவர்கள்கூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் வீட்டு அம்பாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவார்கள். பிறந்ததிலிருந்து குவியலை அண்ணாந்து பார்த்தே பழகிய கண், நிறத்தையா பார்க்கும்? லாசர் கடை வாசலில் இடுப்பு உயரத்துக்கு உப்பு நிற்கிறது, எதிர்க்கடை வாசலில் ஒரு பருக்கை இல்லை என்றால், லாசர் கடையில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கூட்டம் மொய்த்தது. கூட்டம் சால்னாவைக் குடித்தது, குடித்துவிட்டுத் திட்டி எழுதியது, எழுத எழுத உப்பு ஏறியது, உப்பு ஏற ஏறக் கூட்டமும் ஏறியது, லாசர் சால்னாவில் இன்னும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான். எதிர்க்கடைக்காரர் மனசு வெந்துபோய்த் தன் கடையைத் திட்டி நாலு வார்த்தை எழுதச் சொல்லித் தன் சொந்தக்காரர்களிடமே கெஞ்சினார்.

அதன் பிறகு வாசல்தோறும் உப்பு முளைக்க ஆரம்பித்தது. எதைப் பற்றி எழுதினார்களோ அதன் வாசலில் விடியும்போது குவியல் நிற்கும். நூலகத்தின் முன்னால் ஒரு சின்னப் பச்சைக் குவியல், கேபிள் டிவிக்காரர் வீட்டின் முன்னால் ஆள் உயரச் சிவப்பு, மீன் ஏலக்கூடத்தின் முன்னால் பாதிக்குப் பாதி, பங்குச் சாமியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்காகக் கோயில் படிக்கட்டில் வாராவாரம் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய விரிப்பு. சனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள், பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள், சிவப்பு உப்பில் போட்ட கருவாட்டில் வண்டே அண்டாது என்பதையும் பச்சை உப்பில் போட்ட ஊறுகாய் சீக்கிரமே நுரைத்துவிடும் என்பதையும் பெண்கள் கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி யார் வாசலில் எதை அள்ளுவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு குவியலை அள்ளிக்கொண்டு போனால் அது மறுநாள் அதே அளவுக்கு வந்து நிற்கும், எழுதியவர் தான் எழுதியதை அழித்தால் மட்டும் அவருடைய பங்கு கரைந்து போகும். டெல்பின் இதையெல்லாம் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினாள். அருமையாக இருக்கிறது, எந்த மென்பொருளில் செய்தாய் என்று பதில் வந்தது.

உப்புக்கு ஒரு நேர்மையும் இருந்தது, அதுதான் டெல்பினை அதன் பக்கம் முழுசாகச் சாய்த்தது. ஊராட்சித் தலைவர் பொன்னுலிங்கத்தின் மருமகன், மாமனார் மனம் குளிர வேண்டும் என்பதற்காகக் கண்ட கண்ட பெயரில் கணக்குத் திறந்து, தலைவரைப் போல உண்டா என்று ராவெல்லாம் எழுதியிருந்தான். விடிந்து பார்த்தால் தலைவர் வீட்டு வாசலில் ஒரே ஒரு கைப்பிடிப் பச்சை உப்பு கிடந்தது. ஓர் ஆளுக்கு ஒரு கைப்பிடி, அவன் எத்தனை முகமூடி போட்டுக்கொண்டு எத்தனை தடவை எழுதினாலும் சரி. இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் டெல்பினுடைய கம்பெனியில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள், உப்பு அதை அலட்டிக்கொள்ளாமல் செய்தது. அவளுக்கு அந்த உப்பின் மேல் ஒரு காதலே வந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

ஆகவே அவள் ஊருக்குக் கற்றுக்கொடுத்தாள். உயரத்தைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள் என்று மாதர் சங்கத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவிலும் சலிக்காமல் சொன்னாள். சிவப்பு என்றால் சனங்களுக்குப் பிடிக்கவில்லை, பச்சை என்றால் பிடித்திருக்கிறது, சாம்பல் என்றால் வெறும் பேச்சு. ஊர் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது, ஆனால் கற்றுக்கொண்ட பிறகு விடவில்லை. லாசர் கடையில் கூட்டம் சரேலென்று வடிந்தது, சால்னா கெட்டியானது, சிவப்பு இறங்கிப் பச்சை ஏறியது. கேபிள் டிவிக்காரர் வயர்களை மாற்றினார். நூலகத்துக்கு மின்விசிறி வந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஒருத்தி, யார் கண்ணிலும் படாமல் காலமெல்லாம் வேலை பார்த்தவள், ஒருநாள் காலையில் தன் வாசலில் பச்சை உப்பு கதவை மறித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நல்ல காரியங்கள்தான் நடந்தன, அதை மறைப்பதற்கில்லை.

பொன்னுலிங்கம் காரியவாதி. கூட்டம் போடுவது, கூச்சல் கேட்பது, தண்ணீர் பாட்டில் வாங்குவது எல்லாம் எதற்கு, காலையில் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஊர் என்ன நினைக்கிறது என்று தெரிந்துவிடுகிறதே என்று அவர் கிராம சபையையே நிறுத்திவிட்டார். பின் இருக்கையில் டெல்பின் உட்கார்ந்து போவாள். அவள் நிறம் சொல்வாள், அவர் முடிவு சொல்வார். உப்பு பொய் சொல்லாது அண்ணாச்சி என்று அவள் அடிக்கடி சொல்வாள், அதை அவர் தானே கண்டுபிடித்தது மாதிரி மற்றவர்களிடம் சொல்வார்.

அப்படிச் சுற்றும்போதுதான் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு சிவப்புக் குவியல் நின்றது. ஸ்டெல்லா என்று பெயர் எழுதிய தனியார் பஸ் ஒன்று, கோழி கூவுகிற நேரத்தில் சிப்பியளத்துக்கு வந்து, உப்பு வாருகிற பெண்களை ஏற்றிக்கொண்டு தொலைவிலுள்ள தெற்கு அளத்தில் கொண்டுபோய் விடும். அதன் டிரைவருக்கு ஒவ்வொரு தெரு முனையிலும் ஹாரனை நீட்டி அமுக்கினால்தான் கை அரிப்பு அடங்கும். துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் புதுசாக வீடு கட்டி ஒரு காலனியாகக் குடியேறியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுத, அடுத்தவர் எழுத, வெளிநாட்டில் இருக்கிற அவர்கள் பிள்ளைகள் எழுத, குவியல் தலைவரின் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. பச்சையில் ஒரு பருக்கை இல்லை. சாம்பல்கூட இல்லை. பொன்னுலிங்கம் அதைச் சுற்றி வந்தார். சுத்தச் சிவப்பு, இவ்வளவு சுத்தமான சிவப்பை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு, பஸ் முதலாளியிடம் பேசி வண்டியை ஏழு மணிக்கு மாற்றிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நிறுத்தத்திலேயே வைத்து ஊருக்கு அறிவித்துவிடலாம் என்றார். டெல்பின் அன்று அவர் வண்டியில் திரும்பி ஏறவில்லை.

ஏனென்றால் அந்த பஸ்ஸில் அவளுடைய மைனி சூசையம்மா போகிறாள். மைனி என்றால் அண்ணன் பெண்சாதி. டெல்பினின் அண்ணன் கடலில் போய்த் திரும்பாத பிறகு, பாவாடை கட்டின நாத்தனாரைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வைத்துக்கொண்டு, உப்பு வாரிய கையாலேயே சோறு போட்டு, காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தவள் அவள். பாத்தியில் விளைந்து கிடக்கிற வெள்ளை உப்பு வெயிலை அப்படியே திருப்பி முகத்தில் அடிக்கும், அப்படி அடி வாங்கி அடி வாங்கிச் சூசையம்மாவின் கண்கள் மங்கிவிட்டன. வெயில் ஏறுவதற்குள் வாரி முடித்துவிட்டால் அவளால் சமாளிக்க முடியும், வெயில் ஏறிவிட்டால் அவளுக்கு உப்பும் தெரியாது, பாத்தியின் வரப்பும் தெரியாது, வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு குருடியைப் போல நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்கிறவளுக்கு எந்த அளத்துக்காரரும் வேலை கொடுக்க மாட்டார். ஏழு மணி பஸ் என்றால் சூசையம்மாவுக்கு அதோடு பிழைப்பு முடிந்தது, அது டெல்பினுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று மத்தியானம் அவள் மைனி வீட்டுக்குப் போனாள். சூசையம்மா அளத்திலிருந்து வந்து, வெடித்த பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஒன்றும் பதறவில்லை, அடுத்த காலை நீட்டி எண்ணெய் தடவினாள்.

"நீங்க யாருமே எழுதலியே மைனி. ஒரு வார்த்தை எழுதியிருந்தா ஒரு கைப்பிடி பச்சை விழுந்திருக்குமே."

"எதுல எழுத? போன் மகன்ட்ட இருக்கு. அவன் எந்திரிக்கும்போது நான் அளத்துல நிக்கேன், நான் வரும்போது அவன் வேலைக்குப் போயிருதான்."

"இத்தனை பேரு போறீங்க, ஒருத்திட்ட கூடவா போன் இல்ல?"

"இருக்கும். ஆனா என்னன்னு எழுதச் சொல்லுத? பஸ் வருது, ஏறுதோம், எறங்குதோம். இதுல எழுதுறதுக்கு என்னட்டி இருக்கு?"

டெல்பினுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. இத்தனை வருஷமாகச் சனங்களின் கருத்தைப் படிக்கிறவள், வலிக்கிறவன்தான் எழுதுவான், வாய்த்தவன் எழுத மாட்டான், முதுகு ஒடிகிறவளுக்கு எழுதுவதற்கு நேரமே இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஊருக்குச் சொல்ல மறந்துவிட்டாள், அவ்வளவுதான். உப்பு பொய் சொல்லாது என்று சொன்னவள், உப்பு கேட்டதைத்தான் சொல்லும், கேட்காததைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தன் வாயாலேயே மைனியின் பஸ்ஸை நிறுத்திவிட்டோம் என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சூசையம்மா அதைக் கண்டுகொள்ளாமல், சோறு தின்னியா என்று கேட்டாள்.

டெல்பின் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் போகிற பெண்களை ஒவ்வொருத்தியாகத் தேடிப் போய், கிணற்றடியிலும் ரேஷன் வரிசையிலும் நின்றபடியே பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே தன் போனில் ஏற்றினாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பதினோரு மணிக்குள் திரும்பி வர வேண்டும் என்று ஒருத்தி, பஸ்ஸில்தான் நான் தூங்குவதே என்று ஒருத்தி, டிரைவர் தம்பி தங்கமான பையன், ஹாரன் மட்டும்தான் பேய் மாதிரி என்று ஒருத்தி. எல்லாவற்றையும் அவரவர் பெயர் போட்டு எழுதி முடித்தபோது அவள் கட்டைவிரல் வீங்கியிருந்தது. காலையில் நிறுத்தத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். சிவப்பு மலையின் அடியில் ஒரே ஒரு கைப்பிடிப் பச்சை கிடந்தது. ஓர் ஆள், ஒரு கை. தலைவரின் மருமகனைப் பார்த்துச் சிரித்த அதே விதி இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தது. நேர்மை என்று அவள் எதைக் கொண்டாடினாளோ அதனிடமே போய் முறையிடுவதற்கு அவளுக்கு முகம் இல்லை. மைனியிடம் போய், என்னால் ஆகவில்லை என்று சொன்னாள். அதற்கு சூசையம்மா, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் நிறுத்தத்தில் கூடியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. காலனிக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நின்றார்கள், பஸ் முதலாளி துண்டால் விசிறிக்கொண்டு ஒரு பக்கம் நின்றார், பொன்னுலிங்கம் சிவப்புக் குவியலின் பக்கத்தில் அது தன் வீட்டு அம்பாரம் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அவர் தொண்டையைக் கனைத்துப் பேச ஆரம்பிக்கும்போதுதான் கோயில் தெருவிலிருந்து உப்பு வாருகிற பெண்கள் வந்தார்கள். பூசைக்குக் கட்டிய நல்ல சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார்கள், ஆளுக்கு ஒரு கூடை இடுப்பில் இருந்தது, சும்மாடு தலையில் இருந்தது. நிறுத்தத்துக்குப் பின்னால், லாரியில் ஏற்றுவதற்காக உப்பு உற்பத்தியாளர் சங்கத்தார் வெள்ளை உப்பைக் குவித்து வைத்திருக்கிற முற்றத்துக்குள் நுழைந்தார்கள், அள்ளினார்கள், தலையில் ஏற்றினார்கள், வரிசையாக நடந்து வந்தார்கள், சிவப்புக் குவியலுக்கு ஒரு முழம் தள்ளிக் கொட்டினார்கள், திரும்பிப் போனார்கள். முன்னால் சூசையம்மா நடந்தாள். கண் மங்கியவள் நடக்கிற நடையாகவே அது தெரியவில்லை, காலாகாலமாக நடந்த பாதையில் கால் தானாகப் போயிற்று.

சங்கத்துச் செயலாளர் ஓடி வந்து, அது சங்கத்து உப்பு என்றார். நாங்க வாரின உப்புதான், சாயந்தரம் எடுத்த எடத்துல போட்டுருவோம் என்று ஒருத்தி நடந்துகொண்டே சொன்னாள். செயலாளர் ஓரமாகப் போய் நின்றார். குவியல் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, சிவப்பின் தோளைத் தொட்டது, தாண்டியது. தானாக முளைத்த உப்பைப் பார்த்து ஆச்சரியப்படாத ஊர், தன் கண்ணெதிரே ஆள் சுமந்து கொட்டிய உப்பைப் பார்த்து ஆச்சரியப்பட்டு நின்றது. தினமும் இப்படித்தான் குவிகிறது என்பது அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

குவியல் பஸ் நிறுத்தத்தின் கூரையைத் தொடுகிற நேரத்தில் பொன்னுலிங்கம் கையைத் தூக்கினார்.

"ஓர் ஆளுக்கு ஒரு கைப்பிடி. அதுதான் உப்புக்கு விதி. நீங்க கூடை கூடையா கொட்டுனா எப்படிம்மா?"

சூசையம்மா கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். குரல் வந்த திக்கை நோக்கி முகத்தைத் திருப்பினாள்.

"கைப்பிடி, உக்காந்து எழுதுறவங்களுக்கு அண்ணாச்சி. எங்களுக்கு என்னைக்குமே கூடைதான் அளவு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பொன்னுலிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டெல்பினைத் தேடினார். அவள்தானே நிறம் சொல்கிறவள். இது பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, வெள்ளையாக இருக்கிறது, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது, இது கருத்தா வெறும் உப்பா, நீதான் சொல்ல வேண்டும் என்றார். ஊர் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் அவள் சொல்ல வேண்டியது ஒன்றுதான், இது எழுதி முளைத்த உப்பு இல்லை, மனுஷர் குவித்தது, ஆகவே கணக்கில் வராது. நாத்தனார் என்ற முறையில் அவள் சொல்ல நினைத்தது இன்னொன்று, இதுவும் பச்சைதான், சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அவள் சொல்லவில்லை.

"இது என் கணக்குல வராது அண்ணாச்சி," என்றாள். "அந்தச் சிவப்பு எழுதுனவங்க. இது எழுதாதவங்க. நான் இத்தனை நாளா உங்களுக்கு எழுதுனவங்களை மட்டுந்தான் காட்டுனேன், ஊரைக் காட்டுறதா சொல்லிக் காட்டுனேன். தப்பு உப்பு மேல இல்ல."

அவள் குரல் நடுங்கவில்லை என்று பிற்பாடு சேவியர் சொன்னான், அவளுக்கு அது ஞாபகம் இல்லை.

காலனிக்காரர்களின் குடைகளில் ஒன்று அப்போது அசைந்தது. வில்பிரட் என்று ஒரு வயசாளி, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், முதன்முதலில் எழுதிய ஆள் அவர்தான், முன்னால் வந்து நின்றார். நான் பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி எழுதவே இல்லையே, ஹாரன் சத்தத்தில் நெஞ்சு படபடக்கிறது என்றுதானே எழுதினேன், அதுவும் சிவப்புக் குவியலில் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது, ஹாரன் அடிக்காமல் வந்தால் எனக்கென்ன வழக்கு என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தாங்களும் ஹாரனைத்தான் சொன்னதாகச் சொன்னார்கள். அவர்களில் சிலர் உண்மையைச் சொன்னார்கள், சிலர் அந்த வெள்ளைக் குவியலின் உயரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். டெல்பின் யாரையும் பிரிக்கவில்லை.

பொன்னுலிங்கம் இரண்டு குவியலையும் அண்ணாந்தும் குனிந்தும் பார்த்தார். டெல்பின் என்னதான் கற்றுக்கொடுத்திருந்தாலும் சிப்பியளத்தில் பிறந்த கண் அது, கூரையை முட்டுகிற குவியலுக்கு முன்னால் அதற்கு வேறு வழி தெரியாது. வண்டி எப்போதும் போல வரட்டும், ஹாரன் மட்டும் வாயை மூடிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த மாசத்திலிருந்து கிராம சபையும் கூடும் என்று கொஞ்சம் சின்னக் குரலில் சேர்த்துக்கொண்டார். டிரைவர் பையன் முகம் தொங்கிப்போனது, பெண்கள் அவனைத் தேற்றினார்கள். வில்பிரட் அன்று சாயந்தரமே எழுதியதைத் திருத்தினார் என்றும், மறுநாள் சிவப்பில் ஒரு கைப்பிடி கரைந்து பச்சையில் ஒரு கைப்பிடி விழுந்தது என்றும் சொல்கிறார்கள்.

சிப்பியளத்தில் இப்போதும் உப்பு முளைக்கத்தான் செய்கிறது. யாரும் அதை வேண்டாம் என்று எழுதவில்லை, எழுதினால் அதுவும் ஒரு குவியலாக வந்து நிற்கும். ஒரே ஒரு வழக்கம் புதுசாகச் சேர்ந்திருக்கிறது. எந்த வாசலில் குவியல் முளைத்தாலும் அதன் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடத்தைக் கூட்டிப் பெருக்கி, எழுதாதவர்களுக்கென்று வெறுமனே விட்டு வைக்கிறார்கள். டெல்பின் சென்னைக்கு அனுப்புகிற படங்களிலும் மூன்று தூணுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அது என்ன என்று ஒவ்வொரு மாசமும் கேட்கிறார்கள், போய்க் கேட்டுவிட்டு வந்தால்தான் தெரியும் என்று அவளும் ஒவ்வொரு மாசமும் பதில் எழுதுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கூட்டம் கலைந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, கொட்டிய உப்பை முற்றத்துக்குத் திருப்பிக்கொண்டு போகப் பெண்கள் வந்தார்கள். டெல்பின் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சூசையம்மா அவளைப் பார்த்தாள், அல்லது அவள் நிற்கிற பக்கமாகப் பார்த்தாள். தன் சும்மாட்டை எடுத்து அவள் தலையில் வைத்து அழுத்தினாள், ஒரு கூடையை நிரப்பித் தூக்கி அதன் மேல் இறக்கினாள். இத்தனை வருஷமாக ஊர் உலகத்தின் கருத்தையெல்லாம் எடை போட்டு அனுப்பிய டெல்பினுக்கு, முதல் எட்டிலேயே கழுத்து தோளுக்குள் இறங்கியது, கண்ணில் நீர் வந்தது.

"குனிஞ்சு பாக்காத, விழுந்துருவ," என்றாள் சூசையம்மா, தன் கூடையைத் தூக்கிக்கொண்டு. "எனக்குப் பின்னாலயே வா."

கண் மங்கியவள் முன்னால் நடந்தாள். டெல்பின் அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் பின்னாலேயே போனாள்.